தொழில் பழகுதல்

அரத்தைப் பிடிக்கும் முறையை நூல் கூறும். அதனை எவ்வளவு அழுத்தித் தேய்த்தல் வேண்டும் என்பதைக் கையே அறியும். கை அவ்வறிவைப் பெறுதற்கு, அதனை முன்னரே பெற்ற ஒருவர் அருகில் நிற்றல் வேண்டும். ஆதலின், தொழிற்கல்வியில் ஏட்டினும் சிறந்த துணையாவார் மூத்த தொழிலாளர்.

முற்காலத்தில் தந்தையின் தொழிலை மகன் அருகிருந்து பழகினான். அம்முறையில் அன்பு மிகுதி. ஆயின், பிறர் பட்டறைக்குத் தொழில் பழகச் சென்ற சிறுவன், துருத்தி ஊதியும் ஏவல் செய்தும் நெடுங்காலம் கழித்தலும் உண்டு. தொழில் நுட்பத்தை மறைத்து வைப்பாரும் இருந்தனர். பெரிய ஆலைகளிலோ நூற்றுக்கணக்கானோர் பணிபுரிகின்றனர். அங்கே கற்பித்தலை ஒருவரது மனப்போக்கிற்கு விட்டுவிடுதல் ஆகாது. அதனை முறைப்படுத்த நம் நாட்டில் 1961-ஆம் ஆண்டு இயற்றப்பட்டதே தொழிற்பழகுநர் சட்டம்.

இச்சட்டத்தின்படி, பழகுநருக்கும் ஆலை உரிமையாளருக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் எழுதப்படும். பழகுநர் 18 வயது நிரம்பாதவராயின், அவர்பொருட்டுக் காப்பாளர் ஒப்பந்தம் செய்வார். பயிற்சியை நடத்தத் தகுதியுடைய ஒருவரை ஆலை அமர்த்துதல் வேண்டும். முதலில் அடிப்படைப் பயிற்சி. பின்னர்ப் பட்டறையில் செய்முறைப் பயிற்சி. அவற்றோடு தொழிலுக்குரிய பாடங்களும் உண்டு. பழகுநரின் வளர்ச்சி ஏட்டில் குறிக்கப்படும். பயிற்சிக் காலம் முடிந்ததும் தேர்வு நடைபெறும். தேறியவர் சான்றிதழ் பெறுவர்.

இனி, பட்டறையுள் பயிற்சி நிகழும் முறையைக் காண்போம். கடைசற்பொறியில் வேலை பழகும் ஓர் இளைஞரைக் கருதுக. முதலில் மூத்தவர் செய்ய அவர் காண்பார். அடுத்து, மூத்தவர் காண அவர் செய்வார். பிழை நேராதெனத் தெளிந்த பின்னரே தனித்துச் செய்ய விடப்படுவார். இவ்வரிசை மாறலாகாது. பொறியின் பிடிப்பானை இறுக்கிய சாவியைக் கழற்ற மறந்து பொறியை ஓட்டினால், அச்சாவி தெறித்து உயிருக்கே ஊறு விளைக்கக் கூடும். எனவே, சாவி பிடிப்பானில் இருக்கும்வரை அதிலிருந்து கையை எடுக்கலாகாது என்பது பட்டறை விதி. இதனை ஒருமுறை கூறினால் போதாது. பழக்கமாகும்வரை உடனிருந்து நோக்குதல் வேண்டும்.

பழகுநர் கற்பவரேயன்றித் தொழிலாளர் அல்லர் என்பது இச்சட்டத்தின் உயிர்நிலை. அவருக்கு உதவித்தொகை உண்டு; ஆயின், செய்து முடித்த பொருள்களின் எண்ணிக்கைக்கேற்பக் கூலி தருதல் கூடாது. இத்தடை ஏன்? எண்ணிக்கையை நாடும் கை விரையும். விரையும் கை கற்காது. குறைந்த செலவில் வேலை வாங்கும்பொருட்டே பழகுநரைச் சேர்க்கும் ஆலை இன்று சிறிது ஆதாயம் பெறும்; நாளை திறமிக்க தொழிலாளரைப் பெறாது.

பழகுநர்க்கும் கடமைகள் உண்டு. ஊக்கத்துடன் கற்றல், வகுப்புகளுக்குத் தவறாது வருதல், முறையான ஆணைகளுக்கு அடங்கி நடத்தல் ஆகியவற்றைச் சட்டமே விதிக்கின்றது. ஐயம் தோன்றியவழி நாணாது வினவுதலை அவர்தம் அறிவு விதித்தல் வேண்டும்.

கற்பிப்பதால் மூத்தவர்க்கு வரும் பயன் யாது? பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் இதற்கு விடை தருகின்றது. ஆசிரியர் கூறுவதைக் கேட்டலால் புலமையில் காற்பங்கும், உடன் பயில்வாரோடு பழகுதலால் காற்பங்கும் நிரம்பும்; எஞ்சிய பாதி பிறர்க்கு எடுத்துரைப்பதால் நிரம்பும் என்பது அதன் கருத்து. நூற்கல்விக்குக் கூறிய இவ்விதி தொழிற்கல்விக்கும் பொருந்தும். "இதனை ஏன் இவ்வாறு செய்கின்றீர்கள், ஐயா?" என்று இளையவர் வினவும்பொழுதே, பல்லாண்டுப் பழக்கத்தால் தம் கை செய்துவந்ததன் காரணத்தை மூத்தவர் மனம் தேடுகின்றது. ஆதலின், தாம் கற்ற தொழிலை மறைப்பவர் இளையவரை மட்டுமன்றித் தம்மையும் பாதி வழியில் நிறுத்திவிடுகின்றார்.

மாணவர்களே! நாளை நீவிர் ஒரு தொழிலில் புகும்பொழுது நல்ல மூத்தவரை நாடுவீராக. நீவிரே மூத்தவரான பொழுது, உம்மை நாடி வருவோர்க்கு ஒளியாது கற்பிப்பீராக.