இடாப்புக் கூப்பிடும் கணினி



வகுப்புத் தொடங்கியதும் ஆசிரியர் இடாப்பை விரித்துப் பெயர் கூப்பிடுவார். நீங்கள் "உள்ளேன் ஐயா" என்பீர்கள். வீட்டு வலையமைப்பில் எந்தெந்தக் கருவிகள் உள்ளன என்பதைக் கணினியும் இவ்வாறே அறிகின்றது. அதற்குரிய நான்கு வழிகளை இங்கு நோக்குவோம்.

வலையமைப்பில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி எனும் ஓர் இலக்கம் உண்டு. வீடுகளில் இது பெரும்பாலும் 192.168 எனத் தொடங்கும். இறுதிப் பகுதி வழக்கமாக 1 முதல் 254 வரை அமையும்.

முதல் வழி பிங். அமெரிக்கரான மைக் மியூஸ் 1983 இல் இதனை எழுதினார். கடலடியில் ஒலியெழுப்பி எதிரொலி கேட்கும் சோனார் கருவியின் ஓசையே இதன் பெயராயிற்று. 254 இலக்கங்களையும் ஒவ்வொன்றாக அழைத்து, மறுமொழி தருபவற்றைக் குறித்துக்கொள்ளலாம். எனினும், பாதுகாப்புக் கருதிச் சில கருவிகள் பிங்குக்குப் பதிலளிப்பதில்லை.

இரண்டாவது வழி, 1982 இல் வரையறுக்கப்பட்ட ஏஆர்பி. "இவ்விலக்கத்துக்கு உரியவர் யார்?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி இது வினவும். உரிய கருவி தன் வன்பொருள் முகவரியைக் கூறும். இதற்கு விடையளிக்காவிடின் தரவு வந்து சேராது. ஆதலால், பிங்குக்கு மௌனம் காக்கும் கருவியும் இங்கே பெரும்பாலும் வாய்திறக்கும்.

மூன்றாவது வழி, கருவி தானே தன்னை அறிவித்தல். அச்சுப்பொறிகள் பல "நான் இங்குள்ளேன்" எனத் தம் பெயரைக் கூறுகின்றன.

நான்காவது வழி ரவுட்டரின் பட்டியல். அது சேர்விடாப்பைப் போன்றது. இலக்கம் பெற்றுப் பின் அகன்ற கருவியின் பெயரும் சில வேளை அதில் இருக்கும்.

ஆகவே ஒரு வழியை மட்டும் நம்பலாகாது. 2008 இல் வன்னியில் இடம்பெயர்வுகளின் நடுவே, மரநிழலில் இடாப்புக் கூப்பிட்டேன். பதில் வராத பெயர்களுக்கு நேரே "வரவில்லை" என்று எழுதினேன். அவர்களுள் இருவர் வேறோர் ஊரில், வேறொரு மரநிழலில் படித்துக்கொண்டிருந்ததைப் பின்னரே அறிந்தேன். மறுமொழி இல்லை என்பது வேறு, ஆள் இல்லை என்பது வேறு.

பயிற்சி: பெற்றோருடன் அமர்ந்து ரவுட்டரின் பட்டியலைத் தாளில் எழுதுக. ஒவ்வொன்றுக்கும் நேரே உரியவரின் பெயரை இடுக. அறியாத கருவி இருப்பின் உடனே அஞ்ச வேண்டாம். இக்காலக் கைத்தொலைபேசிகள் தனியுரிமைக்காகத் தம் வன்பொருள் முகவரியை மாற்றிக் காட்டுவதுண்டு. வீட்டுக் கருவிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க. அதன் பின்னரும் உரியவர் தெரியாவிடின் கடவுச்சொல்லை மாற்றுக.

பெற்றோரே, இப்பயிற்சி நம் வீட்டுக்கு மட்டுமே உரியது. பிறர் வலையமைப்பை அவர்தம் அனுமதியின்றி ஆராய்தல் தகாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.