நமைச்சல் இல்லாத சிரங்கு



"பிள்ளை சொறியவே இல்லையே, அப்புறம் எப்படி இது சிரங்காகும்?" என்று சில தாய்மார்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால், நமைச்சல் குறைந்த சிரங்கும் உண்டு. அதுவே அதிக ஆபத்தானது.

சிரங்கு எதனால் வருகிறது?

ஒரு சிறு பூச்சியால். அரை மில்லிமீட்டர்கூட இராத பெண் பூச்சி தோலைக் குடைந்து, தினம் 2, 3 முட்டைகள் இடும். திடமான பிள்ளையின் உடம்பில் 10, 15 பூச்சிகளே இருக்கும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு ஆகிய இடங்களில் கொப்புளம் கிளம்பும். ராத்திரியில் நமைச்சல் தாங்காது. கைக்குழந்தைக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலை, முகத்திலும் வரும்.

மெலிந்த பிள்ளைக்கு எப்படி வரும்?

சத்துக் குறைவாலோ நீண்ட நோயாலோ எதிர்ப்புச் சக்தி குன்றிய பிள்ளையின் உடம்பில் பூச்சி ஆயிரக்கணக்கில் பெருகிவிடும். கை, கால், தலையில் தடித்த பொறுக்குக் கட்டும், நகம் தடிக்கும். நமைச்சல் சிறிதாக இருக்கும், அல்லது இராது. "கரப்பான்தானே" என்று கடையில் களிம்பு வாங்கிப் பூசாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பால் சிவப்பு அடங்கும், பூச்சியோ பெருகும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

வீட்டில் வேறு யாருக்காவது ராத்திரி நமைச்சல் உண்டா? இருந்தால் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பொறுக்கைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் பூச்சியும் முட்டையும் தெரியும்.

என்ன செய்ய வேண்டும்?

டாக்டர் தரும் பெர்மெத்ரின் களிம்பை வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும். அவர் சொன்னபடி மறுபடியும் பூச வேண்டும். தகப்பனாரே, "எனக்குத்தான் ஒண்ணுமில்லையே" என்று ஒதுங்காதீர்கள். முதல் தடவை தொற்றினால் நமைச்சல் தோன்ற 4 முதல் 6 வாரம் ஆகலாம். அதற்குள் உங்களிடமிருந்து பிள்ளைக்கு மீண்டும் ஒட்டிக்கொள்ளும். உடுத்திய துணி, விரிப்புகளை அன்றே வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவையுங்கள்.

பொறுக்குக் கட்டிய சிரங்குக்குக் களிம்பு மட்டும் போதாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். சீழ், காய்ச்சல், முக வீக்கம், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அன்றைக்கே புறப்படுங்கள். புண்ணில் சேரும் கிருமி சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடும்.

சிரங்கு அழுக்குக்கு அடையாளமல்ல. வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். குடும்பமே சேர்ந்து மருந்து பூசினால், பிள்ளைக்குக் குணம் நிலைக்கும்.