ராஜினாமாக் கடிதம் மேசைக்குள் இருக்கட்டும்

நான்காம் குறுக்குத் தெரு,
புறக்கோட்டை.

அன்புள்ள மருமகளுக்கு,

வேலையை விட்டுவிட்டு ட்ரையத்லனையே தொழிலாக்கப் போகிறாயாம். அக்கா ரெலிபோனில் அழாத குறை. நான் உன்னைத் தடுப்பேன் என்று நம்பித்தான் சொன்னாள். தடுக்கமாட்டேன் பிள்ளை. ராஜினாமாவை மட்டும் இப்போது கொடுக்காதே.

பயிற்சி பற்றி எனக்குத் தெரியாது. வெங்காயமும் செத்தல் மிளகாயும் விற்ற எனக்குக் காசு தெரியும். தொழில்முறை அட்டை எடுத்தால் அந்த வருஷம் நீ வயதுப் பிரிவில் இறங்க ஏலாது. இதுவரை உன்னைப்போல் வேலைக்குப் போய்வருகிறவர்களோடு போட்டியிட்டு மேடை ஏறினாய். இனி இதுவே வேலையாக இருப்பவர்களோடு மோதவேண்டும். பரிசுப் பணம் முன்னால் வரும் சிலருக்குத்தான். விமான டிக்கெட், சைக்கிளை ஏற்றுகிற கூலி, ஹோட்டல் எல்லாம் கைக்காசு, அதுவும் டொலரில். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களுக்குள் 360 வரை போனதை இந்தத் தெருவில் இருந்து பார்த்தவன் நான். ரூபாவில் உழைத்து டொலரில் செலவழிப்பவர் பாட்டை யாரும் எனக்கு விளக்கத் தேவையில்லை.

சம்பளம் என்றால் கைக்கு வருகிற தொகை மட்டும் என்று நினைக்கிறாய். ஊழியர் சேமலாப நிதிக்கு உன் பங்கு நூற்றுக்கு 8 என்றால் முதலாளி 12 போடுகிறார். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3. எந்த அனுசரணையாளர் உனக்கு அதைக் கட்டப் போகிறார்? ரீ சேர்ட்டும் சப்பாத்தும் தருவார்கள், படம் எடுப்பார்கள்.

ஆழிக்குமரன் ஆனந்தனின் கதை உனக்குத் தெரியும். 1971இல் பாக்கு நீரிணையைப் போக வர நீந்தியவர். 1979 மே மாதம் விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றி 187 மணி 28 நிமிடம் சைக்கிள் ஓடினார். நீச்சல், சைக்கிள், ஓட்டம் என்ற உன் மூன்று விளையாட்டில் இரண்டு அவரிடம் இருந்தன, தொழில் என்று கேட்டால் சட்டத்தரணி. 1984இல் ஆங்கிலக் கால்வாயில் உயிர் போகும்வரை நீச்சல் அவருக்குப் பெயரைத் தந்தது. சோற்றுக்கு வேறு வழி வேண்டியிருந்த காலம் அது. உனக்கு அப்படியில்லை, விளையாட்டிலேயே பிழைக்கும் வழிகளும் இன்று திறந்திருக்கின்றன. அதனால்தான் தடுக்காமல் இருக்கிறேன்.

தர்ஜினி சிவலிங்கத்தைப் பார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து செலான் வங்கியில் வேலை பார்த்தபடி, மேர்கன்டைல் போட்டிகளில் வங்கிக்காக வலைப்பந்து ஆடினார். 2009இலும் 2018இலும் இலங்கை ஆசியக் கிண்ணம் எடுத்தபோது அணியில் இருந்தார். அவுஸ்திரேலியக் கழகத்துக்கும் ஆடினார். வேலையோடேயே விளையாட்டு வளர்ந்தது. நீ உன் முதலாளியிடம் இப்படி ஏதாவது கேட்டாயா? கேட்டிருக்கமாட்டாய், உன்னை எனக்குத் தெரியும். ராஜினாமாவை நீட்டத் துணிந்த நீ, 'காலை ஏழுக்கு வந்து இரண்டுக்குப் போகட்டுமா, சம்பளத்தைக் குறையுங்கள்' என்று கேட்க வெட்கப்படுகிறாய். புறக்கோட்டை முதலாளிமார் கணக்கு விளங்கினவர்கள். உன்னைப்போன்ற கணக்குப்பிள்ளை இல்லாமல் திண்டாடுவதைவிட நேரம் குறைந்த கணக்குப்பிள்ளை மேல் என்று உன் முதலாளிக்குத் தெரியும். மறுத்தால் சம்பளமில்லா லீவு கேள். அதையும் மறுத்தால் பிறகு ராஜினாமாவைப் பற்றிக் கதைப்போம்.

ட்ரையத்லன் வீராங்கனை கிறிஸ்ஸி வெலிங்டன் வேலையை விட்டுத்தானே ஜெயித்தார் என்பாய். உண்மை. பிரித்தானிய அரச உத்தியோகத்தை விட்டு 2007இல் தொழில்முறைக்கு வந்து, அந்த ஒக்டோபரிலேயே ஹவாயில் உலகச் சம்பியன் ஆனார். ஆனால் அதற்கு முந்தின வருஷம் லொசானில் அமெச்சூர் உலகப் பட்டத்தை எடுத்துவிட்டுத்தான் விட்டார். நீயும் ஆசியாவிலாவது முன்வரிசைக்கு வந்துவிட்டு விடு. நானே கடிதம் எழுதித் தருகிறேன்.

இன்னொன்று. போன கிழமை பின்னேரம் உன் கடைப்பக்கம் வந்தேன். நீ லெட்ஜரைத் திறந்து வைத்துக்கொண்டு, பேனை கையில் இருக்க, உட்கார்ந்தபடி தூங்கினாய். பேனை நழுவி வரவுப் பக்கத்தில் கோடு இழுத்திருந்தது. எங்கள் தெருவில் மூட்டை சுமக்கிற நாட்டாமிமாரைப் பார். ஒரு லொறி இறக்கி அடுத்த லொறி வருமட்டும் மூட்டைக்கு மேலேயே சாய்ந்து கண்ணயர்வார்கள், ஒருவரும் வெட்கப்படுவதில்லை. நாலு மணிக்கு எழும்பி மெரின் டிரைவில் ஓடுகிறவள் இரவு பதினொரு மணிக்குப் போன் பார்ப்பது எனக்கு விளங்கவில்லை. எட்டரைக்குப் படு. மத்தியானம் சோற்றைப் பார்சலோடு திருப்பிக் கொண்டுபோகாதே. மே தொடங்கி செப்டெம்பர் வரை வெள்ளவத்தைக் கடல் கொந்தளிக்கும். அப்போது சுகததாச தடாகத்துக்குப் போ, கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டிலேயே படுத்துக்கொள். மாமி உனக்கு அறை ஒதுக்கி வைத்திருக்கிறா.

போயாவன்று கடை பூட்டு. சம்பளத் துண்டு, போட்டிச் செலவு பில்கள், சேமிப்புப் புத்தகம் மூன்றையும் எடுத்துக்கொண்டு வா. ஒரு வருஷத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று இருந்து எழுதுவோம். குறைகிறதில் ஒரு பங்கு நான் போடுகிறேன். கடனாக இல்லை, அக்காவுக்கும் சொல்லாதே.

அன்புடன்,
மாமா