ஆழ்கடலில் ஆள் சாய்ந்தால்: காவல்படை வரும்வரை என்ன செய்வது?

பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போன விசைப்படகில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறார். "வாயுவாக இருக்கும், சோடா குடி, விடியட்டும்" என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். வலை கடலில் கிடந்தாலும் முதலில் தகவல் போகட்டும்.

விஎச்எஃப் 16ஆம் சேனலில் 'பான் பான்' என்று மூன்று முறை அழைத்து, படகின் பெயர், ஜிபிஎஸ் காட்டும் அட்ச, தீர்க்க ரேகை, நோயாளியின் வயது, என்ன ஆனது, நினைவு இருக்கிறதா, மூச்சு எப்படி இருக்கிறது என்று நிதானமாகச் சொல்லுங்கள். கரையோரத்தில் செல்போன் சிக்னல் கிடைத்தால் இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554. இரண்டுக்கும் வழியில்லையென்றால் இஸ்ரோ உருவாக்கிய அபாய எச்சரிக்கைக் கருவியை அழுத்துங்கள்.

வின்ச்சில் சிக்கிய கையிலிருந்து ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து அழுத்தி, அழுத்தியபடியே இருங்கள். அடிக்கடி எடுத்துப் பார்க்கக் கூடாது. அப்படியும் நிற்காவிட்டால் மட்டும் காயத்துக்கு நாலு விரல் மேலே, மூட்டைத் தவிர்த்து, அகலத் துணியால் கட்டிக் குச்சி செருகி முறுக்குங்கள். நைலான் கயிறு சதையை அறுத்துவிடும், வேண்டாம். கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள்.

கடலில் விழுந்தவரைத் தலைகீழாகப் பிடித்து வயிற்றை அமுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அது பொன்னான நேரத்தைத் தின்றுவிடும். மூச்சில்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊதி, பிறகு 30 முறை நெஞ்சு அழுத்தம், 2 முறை ஊதல் என்று தொடருங்கள். நோயாளி யாராக இருந்தாலும், அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால், வானொலியில் மருத்துவர் சொன்னாலொழிய சாப்பாடு, தண்ணீர் எதுவும் வேண்டாம்.

ஹெலிகாப்டர் வருகிறது என்றதும் தளத்தைக் காலி செய்யுங்கள். தார்ப்பாய், வலை, காலி கேன், தொப்பி எல்லாம் உள்ளே போகட்டும். இறக்கைக் காற்று தூக்கி அடிக்கும். கொடிக்கம்பம், ஏரியலைச் சாய்த்துவிடுங்கள். விமானி சொன்ன திசையிலும் வேகத்திலும் படகை ஓட்டும் ஸ்ராங்கு அதைப் பிடித்திருக்க வேண்டும். இரவில் விளக்கை மேல்நோக்கி அடிக்காதீர்கள், விமானியின் கண் கூசும்.

மேலிருந்து இறங்கும் கம்பியை எட்டிப் பிடிக்கவே கூடாது. அதில் நிலைமின்சாரம் சேர்ந்திருக்கும். தளத்தையோ தண்ணீரையோ தொட்ட பிறகுதான் கை வைக்கலாம். அதைப் படகில் எங்கும் கட்டவும் கூடாது. கட்டினால் ஹெலிகாப்டரே ஆபத்தில் சிக்கும்.

நோயாளிக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டி, சாப்பிட்டுவரும் மாத்திரை அட்டை, அடையாள அட்டை, நேரம் எழுதிய தாள் மூன்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டு உடம்போடு கட்டி அனுப்புங்கள். ஹெலிகாப்டருக்குப் பதில் ரோந்துக் கப்பல் வந்தால் படகை நெருக்க முயலாதீர்கள். அவர்களே சிறு படகை இறக்குவார்கள். ஓரத்தில் டயரைத் தொங்கவிட்டு, 16ஆம் சேனலில் காதை வைத்திருங்கள்.