டாக்டர் படிப்புக்குத் தேவையான பாடங்கள்

ரயில்வேயில் சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். பாயிண்ட் சரியாகத் திரும்பிப் பூட்டிக்கொண்டால்தான் சிக்னல் விழும். இதற்கு இன்டர்லாக்கிங் என்று பெயர். வேலையில் இதை ஒரு நாளும் மறக்காத நான், வீட்டு விஷயத்தில் மறந்துவிட்டேன்.

2020இல் என் மகள் வயிற்றுப் பேத்தி பதினொன்றாம் வகுப்பு சேர்ந்தாள். "கணக்கு நன்றாக வருகிறது, பயாலஜி எதற்கு?" என்று சொன்னவன் நான்தான். 2022இல் பிளஸ் டூ முடித்தபின், "தாத்தா, எனக்கு டாக்டர் படிப்புதான் வேணும்" என்றாள். அப்போதுதான் விதிகளைப் படித்தேன். நம் சங்கக் குடும்பங்களில் வேறு யாருக்கும் இந்தச் சங்கடம் வராமலிருக்கவே இதை எழுதுகிறேன்.

1. பாடங்கள்: எம்.பி.பி.எஸ். சேர, பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் (அல்லது உயிரித் தொழில்நுட்பம்), ஆங்கிலம் ஆகிய நான்கிலும் தேறியிருக்க வேண்டும். கணிதம் இருந்தால் நல்லது, கட்டாயமில்லை.

2. மதிப்பெண்: மூன்று அறிவியல் பாடங்களையும் கூட்டி, பொதுப் பிரிவினர் 50 சதவீதம் பெற வேண்டும். எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவினருக்கு 40 சதவீதம். உதாரணமாக 55, 52, 48 என்றால் கூட்டுத்தொகை 155. 300க்கு 150 போதும் என்பதால் தகுதி உண்டு. கணிதத்தில் நூறு வாங்கினாலும் இந்தக் கூட்டலில் சேராது. ஆங்கிலத்தில் தேறினால் போதும்.

3. வயது: சேரும் ஆண்டு டிசம்பர் 31க்குள் 17 நிறைய வேண்டும். உச்ச வயது வரம்பு 2022இல் நீக்கப்பட்டது.

4. நீட்: 2025இல் இருந்த முறைப்படி 180 கேள்விகள், 180 நிமிடங்கள், 720 மதிப்பெண்கள். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. அதாவது பாதி மதிப்பெண் உயிரியலில். சரியான விடைக்கு 4; தவறுக்கு 1 கழியும்.

உயிரியல் படிக்காமலே பிளஸ் டூ முடித்தவர்கள் என்ன செய்வது? முன்பெல்லாம் பதினொன்று, பன்னிரண்டு இரண்டு ஆண்டும் முறையாகப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பார்கள். 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அங்கீகாரம் பெற்ற வாரியத்தில், பிளஸ் டூவுக்குப் பின் கூடுதல் பாடமாக உயிரியலில் தேறினாலும் நீட் எழுதலாம் என்றது. எங்கள் வீட்டில் விளக்கு எரிந்தது அன்றுதான்.

பேத்தி அப்போது பி.எஸ்.சி. படித்துக்கொண்டிருந்தாள். 2024 ஜனவரியில் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் உயிரியல் ஒரு பாடத்துக்கு மட்டும் பதிவு செய்தோம். ஒதுக்கிய மையத்துக்குப் போய் வெங்காயத் தோலை உரித்து நுண்ணோக்கியில் பார்ப்பது முதல் எல்லாச் செய்முறையும் செய்தாள். செய்முறையை யாரும் அலட்சியம் செய்ய வேண்டாம். எழுத்துத் தேர்வு, செய்முறை இரண்டிலும் தேற வேண்டும். அந்த ஆண்டு இறுதித் தேர்வில் தேறினாள். 2025 மே மாதம் நீட் எழுதித் தகுதியும் பெற்றாள். ஆனால் இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. மறுபடி படிக்கிறாள். என் ஒரு சொல்லால் அவளுக்குப் போன காலத்தை நான் திருப்பித் தர முடியாது. புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்கிறேன், அவ்வளவுதான்.

வெளிமாநிலத் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை. அரசுக் கல்லூரிகளில் 15 சதவீத இடங்கள் அகில இந்திய ஒதுக்கீடு. மீதி 85க்கு அந்தந்த மாநிலத்தின் இருப்பிட விதிகள் உண்டு. மாற்றலாகி ஊர் ஊராகப் போகும் குடும்பங்கள் இதைப் பத்தாம் வகுப்பிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது. அந்தந்த ஆண்டின் நீட் தகவல் குறிப்பேட்டையும் தவறாமல் படியுங்கள்.

பிள்ளைக்கு இரண்டிலும் ஆசை என்றால், கணிதம், உயிரியல் இரண்டையும் எடுக்கச் சொல்லுங்கள். பாரம் கொஞ்சம் கூடும். பாதை மட்டும் அடைபடாது. எல்லாவற்றுக்கும் முன்னால், பிள்ளையை ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கவில்லை.