பழைய அஞ்சலட்டைகள் காட்டும் இலங்கை

அரிய பொருள்களைத் தேடித் திரட்டுவதில் இன்பங் காண்பது மக்கள் இயல்பு. அஞ்சல் தலைகளைச் சேர்ப்போர் சிலர். நாணயங்களைச் சேர்ப்போர் சிலர். கடற்கரையில் கிளிஞ்சல் பொறுக்கி மகிழ்வோர் சிலர். இவர்களைப் போலவே பழைய பட அஞ்சலட்டைகளைத் திரட்டுவோரும் உலகெங்கும் உளர். கையளவே ஆன அட்டை, அதன் ஒருபுறம் ஒரு படம், மறுபுறம் நான்கைந்து வரிகள். இவ்வளவே அவர்கள் தேடும் செல்வம். ஆயினும், பார்க்கத் தெரிந்தவர்க்கு அச்சிறு அட்டை ஒரு நாட்டின் வரலாற்றையே எடுத்துரைக்கும். வெப்ப மண்டல நாடுகளுள் அழகு மிக்க தீவாகிய இலங்கையின் பழைய அஞ்சலட்டைகள் இதற்குத் தக்க சான்றாகும்.

இவ்வட்டைகளின் கதையில் 1869-ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் ஆஸ்திரிய-ஹங்கேரி நாட்டில் உலகின் முதல் அரசாங்க அஞ்சலட்டை வெளியிடப்பட்டது. அடுத்த திங்களிலேயே சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டது. ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்த கப்பல்கள் சுருங்கிய வழியிற் கீழ்த்திசை நோக்கி வரலாயின. அதே ஆண்டில்தான் இலங்கையின் காப்பித் தோட்டங்களிற் கொடிய இலைநோய் ஒன்று தோன்றியது. அந்நோயால் காப்பிப் பயிர் அழிந்தொழிய, அது நின்ற மலைச்சரிவுகளில் தேயிலை பரவிற்று. அஞ்சலட்டையும், கடல்வழியும், தேயிலையும் ஆகிய இம்மூன்றும் பின்னர் ஒன்று கூடின.

கொழும்புத் துறைமுகத்தின் அலைதாங்கிச் சுவர் 1875-ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்று, 1885-ஆம் ஆண்டில் முடிவுற்றது. ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் சீனத்துக்கும் செல்லும் நீராவிக் கப்பல்கள் அங்கு நின்று நிலக்கரியும் நன்னீரும் ஏற்றிக்கொண்டன. கப்பல் நிற்கும் சில மணி நேரத்தில் பயணிகள் கரையேறி ஊரைச் சுற்றிப் பார்த்தனர். கண்டதை வீட்டாருக்கு உடனே தெரிவிக்க அவர்கள் விரும்பினர். நீண்ட கடிதம் எழுத நேரமில்லை. படத்தோடு கூடிய அட்டை அவர்களுக்குப் பெரிதும் உதவிற்று. 1890-ஆம் ஆண்டில் கொழும்பிற் தொடங்கப்பட்ட பிளாட்டே நிறுவனம் முதலான நிழற்படக் கடைகள் இத்தகைய அட்டைகளைப் பெருமளவில் விற்றன.

அவ்வட்டைகளிற் காணப்படும் காட்சிகள் பல. காலிமுகத் திடலும், மணிக்கூண்டே கலங்கரை விளக்கமாகவும் விளங்கிய கொழும்புத் தெருவும், துறைமுகத்தில் மிதக்கும் படகுகளும் ஒருபுறம். கண்டி மாநகரின் ஏரியும் தலதா மாளிகையும், ஆற்றில் நீராடும் யானைகளும், பேராதனைப் பூங்காவின் வானளாவிய மூங்கிற் புதர்களும் மற்றொருபுறம். வாழ்நாளில் ஒரே முறை பூத்துக் காய்த்து மடியும் தாளிப்பனையின் படம் பயணிகளால் விரும்பி வாங்கப்பட்டது.

அட்டையைத் திரட்டுவதினும் அதனை ஆராய்ந்து காலம் கணிப்பது இன்பம் மிக்கது. தொடக்க கால அட்டைகளின் பின்புறம் முழுவதும் முகவரிக்கே உரியதாயிருந்தது. ஆகவே எழுத விரும்பியவர் படத்தின் ஓரத்திலேயே இடுக்கி எழுதினர். 1902-ஆம் ஆண்டில் பிரிட்டன் பின்புறத்தை நடுக்கோட்டால் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியிற் செய்தி எழுத இசைவு தந்தது. சில ஆண்டுகளில் பிற நாடுகளும் இம்முறையை மேற்கொண்டன. எனவே நடுக்கோடு இல்லாத அட்டை பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் முதற் சில ஆண்டுகளிலோ அதற்கு முன்னரோ அச்சானது எனக் கொள்ளலாம். அஞ்சல் தலையில் உள்ள உருவமும் துணை செய்யும். விக்டோரியா அரசியார் 1901-ஆம் ஆண்டிலும், ஏழாம் எட்வர்டு மன்னர் 1910-ஆம் ஆண்டிலும் மறைந்தனர். முத்திரையின் நாள் தெளிவாயிருப்பின் ஐயமே இல்லை. ஆனால், அந்நாள் அட்டை அனுப்பப்பட்ட நாளேயன்றிப் படம் எடுக்கப்பட்ட நாள் அன்று. பத்து ஆண்டு பழைய படத்தையும் கடைக்காரர் மீண்டும் அச்சிட்டு விற்பது உண்டு.

உருப்பெருக்கிக் கண்ணாடியும் உண்மை உரைக்கும். சீரான புள்ளிகள் வரிசையாகத் தோன்றினால் அது பொறியால் அச்சிடப்பட்ட படம். புள்ளியே இன்றி வழவழப்பாகத் தோன்றினால் அது நிழற்படத் தாளிலேயே எடுக்கப்பட்ட படம். வண்ணங்களை மட்டும் எளிதில் நம்பலாகாது. அக்காலத்து வண்ண அட்டைகளுட் பெரும்பாலானவற்றுக்கு மூலம் கருப்பு வெள்ளைப் படமே. வண்ணங்கள் அச்சகத்திற் பின்னர் ஏற்றப்பட்டவை. அவ்வேலையிற் சிறந்து விளங்கிய செருமானிய அச்சகத்தார்க்கு உலகின் பல நாடுகளிலிருந்தும் படங்கள் அனுப்பப்பட்டன. கொழும்பையே காணாத ஒருவர் கொழும்புப் பெண்ணின் சேலைக்கு நிறம் தீட்டினார் எனின், அந்நிறம் எவ்வாறு சான்றாகும்?

வண்ணத்தைப் போன்றே அட்டையில் அச்சிட்ட பெயரையும் ஆய்ந்து கொள்ளுதல் வேண்டும். இலங்கை அட்டைகளுள் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களைக் காட்டுவன மிகப் பல. முதுகிற் கூடை தாங்கி, மூக்குத்தியும் காதணியும் விளங்க அவர்கள் நிற்கின்றனர். படத்தின் கீழே ‘தமிழ்ப் பெண்கள் கொழுந்து பறித்தல்’ என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். அவர்கள் யாவர்? பெயர் இல்லை, ஊர் இல்லை. ஏரிக்கும் பூங்காவுக்கும் பெயர் இட்டோர் இம்மக்களுக்குப் பெயர் இட நினைத்திலர்.

அம்மக்கள் தமிழகத்தின் திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, திருநெல்வேலி, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிமாரால் அழைத்துச் செல்லப்பட்ட குடும்பத்தினர். பஞ்சமும் கடனும் அவர்களைக் கடல் கடக்கச் செய்தன. முற்காலத்திற் சென்றோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்தனர். நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். புன்னகையோடு நிறுத்திப் படம் பிடித்த அட்டையில் இத்துன்பம் தென்படுவதில்லை.

பின்னாளில் நிகழ்ந்தது இன்னும் எண்ணத்தக்கது. விடுதலை பெற்ற இலங்கையில் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குடியுரிமை வேண்டியோர், தாம் அந்நாட்டில் இடைவிடாது வாழ்ந்து வந்ததற்குச் சான்று காட்ட வேண்டியவராயினர். 1964-ஆம் ஆண்டில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்பாட்டின் வழியே இலட்சக்கணக்கானோர் தாம் பிறந்த மலைகளை விட்டு நீங்க நேர்ந்தது. எஞ்சியிருந்தோரின் குறை தீர 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. எவருடைய உருவம் அத்தீவின் அடையாளமென உலகெங்கும் அனுப்பப்பட்டதோ, அவர்தம் வழிவந்தோரே அத்தீவில் தாம் வாழ்ந்தமைக்குச் சான்று தேடி அலைந்தனர்! தம் முன்னோரின் முகத்தைக் காண ஒரு நிழற்படமும் இல்லாத குடும்பங்கள் பல. பெயரற்ற இவ்வட்டைகளுள் எதிலோ அவர்தம் பாட்டியின் முகம் இருத்தலும் கூடும்.

ஆதலின், நல்ல தொகுப்பாளர் அழகிய படத்தைப் பெறுவதோடு அமைவதில்லை. எவ்வூர், எவ்வாண்டு, எந்நிறுவனத்தார் வெளியீடு என்பவற்றை ஆராய்ந்து தனி ஏட்டிற் குறித்து வைப்பர். அச்சிட்ட பெயர் தவறாயின் அதனையும் குறிப்பர். பின்புறத்துச் செய்தியைப் படத்தினும் குறைவாக மதியார். ‘நலமே வந்து சேர்ந்தோம், வெயில் மிகுதி’ என்பது போன்ற சிறு செய்தியும், அக்காலத்துப் பயணி எதனைக் கண்டார், எதனைக் காணாது சென்றார் என்பதைப் புலப்படுத்தும்.

இவ்வட்டைகளைக் காப்பதும் ஓர் அருங்கலையே. ஈரமும் வெயிலும் தாளுக்குப் பகை. இராமபாணப் பூச்சியும் கரப்பானும் அட்டையை அரிக்கும். பசை தடவி ஏட்டில் ஒட்டினால் பின்புறம் பாழாகும். மூலைகளை மட்டும் தாங்கும் தாட்பைகளிற் செருகி வைப்பதே நன்று. உலர்ந்த தூய கைகளால் ஓரத்தைப் பற்றியே எடுத்தல் வேண்டும். அஞ்சல் தலையை உரித்து எடுப்பது பெருந்தவறு; தலையும் முத்திரையும் அட்டையோடு இருந்தாலன்றிக் காலம் துணிதல் அரிது.

சிலிக்காசுக்கு வாங்கி, ஒருமுறை படித்து, பெட்டியின் அடியிற் போடப்பட்ட அட்டைகள் இவை. அவற்றை அனுப்பியவரும் பெற்றவரும் மறைந்தனர். மன்னர் வரலாற்றைக் கல்வெட்டுகள் கூறும். கூலி வேலை செய்த எளியோர் முகத்தை அதிற் காண இயலாது. அம்முகங்களைத் தற்செயலாகக் காத்துத் தந்தவை இச்சிறு அட்டைகளே. அவற்றை அழகுக்காகப் போற்றுவது நன்று. அவற்றில் நிற்கும் மக்கள் யாவர் என வினவி, விடை தேடி, எழுதி வைப்பது அதனினும் நன்று.