சுவர் எழும்பும்போதே பாருங்கள்

லயத்தில் ஒரு காம்பரா, ஒரு இஸ்தோப்பு. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். பின்னால் ஒரு அறை கூட்டிக் கட்டினால் மூத்தவள் இருந்து படிக்க இடம் கிடைக்கும். இந்த ஆசை இல்லாத குடும்பம் தோட்டத்தில் ஏது? நகையை அடகு வைக்கிறோம், சேமலாப நிதிப் பணத்தைப் போடுகிறோம். அந்தக் காசில் எழும்பும் சுவர் இரண்டு மழையில் வெடித்தால் திருப்பிக் கட்ட யாரிடம் போவது? அதனால் இந்த முறை சுவர் கட்டும் வேலையைப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

கிளிநொச்சியில் பார்த்தது

1958, 1977 கலவரங்களுக்குப் பின் மலையகக் குடும்பங்கள் பல வன்னிக்குப் போய்க் குடியேறியது நமக்குத் தெரியும். கிளிநொச்சி பாரதிபுரம், மலையாளபுரம் பக்கம் நம்மில் பலருக்குச் சொந்தக்காரர் உண்டு. 2009இல் யுத்தம் முடிந்தபோது அங்கே வீடுகள் தரைமட்டம். பிறகு இந்திய அரசின் வீடமைப்புத் திட்டம் வந்தது. 2012 அக்டோபரில் தொடங்கிய கட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா. வீட்டுக்காரரே மேசனைப் பிடித்து, சாமான் வாங்கிக் கட்ட வேண்டும். பணம் தவணை தவணையாக வரும். ஒரு கட்டத்து வேலையைப் பார்த்த பிறகுதான் அடுத்த தவணை.

அங்கே ஒரு வீட்டுக்கு நாங்கள் போயிருந்தோம். அந்த வீட்டு அம்மா சொன்னார்: “வீடு நல்லாத்தான் நிக்குது. பின்னால நாங்களா கூட்டிக் கட்டின குசினிதான் விலகிப் போச்சு.” பழைய சுவருக்கும் புதுச் சுவருக்கும் நடுவில் விரல் போகும் அளவு இடைவெளி. குசினிக்கு அத்திவாரம் ஆழமில்லை. புதுச் சுவரைப் பழைய சுவரில் சும்மா ஒட்டிவைத்துப் பூசிவிட்டார்கள். வீட்டைக் கட்டும்போது வேலையைப் பார்க்க ஆள் இருந்தது, குசினிக்கு இல்லை. இதுதான் வித்தியாசம். நம் வீட்டில் அந்த ஆள் நாமேதான்.

கட்டுமுன்

1. தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி எடுங்கள். லயத்துச் சுவர் பக்கத்து வீட்டுக்கும் சொந்தம், அதை உடைக்கவோ வெட்டவோ வேண்டாம். இடம் எடுக்க வீட்டுக்குப் பின்னாலுள்ள மண்மேட்டை வெட்டுவதும் ஆபத்து. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களையே மூடியதை மறக்க முடியாது. சரிவான இடமென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனை கேளுங்கள்.

2. செங்கல்லைப் பாருங்கள். இரண்டு கல்லை மோதினால் கணீர் என்று கேட்க வேண்டும். நகத்தால் கீறினால் கோடு விழக்கூடாது. இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் உடையக்கூடாது. காய்ந்த கல்லை நிறுத்து, ஒரு நாள் தண்ணீரில் போட்டு மறுபடி நிறுங்கள். 3 கிலோ கல்லில் 600 கிராமுக்கு மேல் நீர் ஏறினால் அது நல்ல கல் அல்ல.

3. மணலைப் பாருங்கள். கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு மணல் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி மூன்று மணித்தியாலம் வையுங்கள். மணலுக்கு மேல் சேறு படியும். மணல் 12 விரல் என்றால் சேறு ஒரு விரலைத் தாண்டக்கூடாது. கடல் மணலும் உப்புத் தண்ணீரும் வேண்டவே வேண்டாம். சுவரில் வெள்ளை பூக்கும், பூச்சு உதிரும்.

கட்டும்போது

4. ஒன்றுக்கு ஐந்து கலவை போதும். மண்வெட்டிக் கணக்கு நம்ப முடியாது. நீளம் ஒரு அடி, அகலம் ஒரு அடி, உயரம் 15 அங்குலத்தில் ஒரு பலகைப் பெட்டி செய்துகொள்ளுங்கள். 50 கிலோ சீமெந்து மூட்டை ஒன்றுக்கு அதில் ஐந்து பெட்டி மணல். தண்ணீர் ஊற்றிய கலவையை ஒரு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். இறுகிப்போனதைத் திரும்பத் தண்ணீர் விட்டுக் குழைக்க விடாதீர்கள்.

5. செங்கல்லை முதலில் நனைக்க வேண்டும். காய்ந்த கல் சாந்திலுள்ள தண்ணீரைக் குடித்துவிடும், பிடிப்பு இருக்காது. சீமெந்துக் கல் அப்படியல்ல, ஊறவைத்தால் பிறகு சுருங்கி வெடிக்கும். இலேசாகத் தெளித்தால் போதும்.

6. ஒரு வரிசையின் மூட்டுக்கு நேர் மேலே அடுத்த வரிசை மூட்டு வரக்கூடாது. மூட்டுக் கனம் அரை அங்குலத்துக்குள் இருக்கட்டும், நடுவில் ஓட்டை விடக்கூடாது. சில வரிசைக்கு ஒரு தடவை தூக்குக் குண்டு பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு நாளில் ஐந்து அடிக்கு மேல் எழுப்ப வேண்டாம், கீழ்ச் சாந்து பாரம் தாங்காது.

7. பழைய சுவரோடு சேரும் இடந்தான் முக்கியம். அத்திவாரம் பழையதைவிட மேலோட்டமாக இருக்கக்கூடாது. சொந்த வீட்டில் பழைய சுவர் உறுதியென்றால் ஒன்றுவிட்டு ஒரு வரிசையில் பல் வெட்டிப் புதுக்கல்லைக் கோர்க்கலாம். லயத்துச் சுவரில் அது கூடாது. அங்கே புது அறை தன் நான்கு சுவரிலும் தானே நிற்கட்டும்.

8. ஏழு நாளாவது சுவரை நனையுங்கள். வேலைக்குப் போகுமுன் ஒரு தரம், வந்து ஒரு தரம். வெயிலென்றால் ஈரச்சாக்கு போடுங்கள்.

பாஸிடம் எப்படிச் சொல்வது?

“பூசினா எல்லாம் மறைஞ்சிரும்” என்று சில பேர் சொல்வார்கள். மறையும், ஆனால் சரியாகாது. சண்டை போடாமல், “பாஸ், பூசறதுக்கு முந்தி ஒருக்கா குண்டு பிடிச்சுப் பாத்துருவமா?” என்று கேளுங்கள். நல்ல மேசன் கோபப்பட மாட்டார். கொந்தராத்தென்றால் கலவை, கூலி, எத்தனை தவணை என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். அத்திவாரம் முடிய ஒன்று, சுவர் முடிய ஒன்று, பூச்சுக்குப் பிறகு கடைசி. முழுக்காசையும் முதலிலே கொடுத்துவிட்டால் நம் பேச்சு எடுபடாது.

மேசன் வரும் முதல் நாள் வீட்டில் ஒருவர் நின்றாக வேண்டும். அதற்கு ஒரு பேர் போகும் என்று யோசிப்பீர்கள். சுவரை இடித்துத் திரும்பக் கட்டினால் எத்தனை பேர் போகும் என்றும் கணக்குப் பாருங்கள். போத்தலில் மணலைக் குலுக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், சந்தோசமாகச் செய்வார்கள். அந்த அறையில் இருந்து படிக்கப்போவதும் அவர்கள்தானே.